சும்மாடு

மகுடீஸ்வரனின் வண்டி இடது பக்கம் இழுக்கும். முன்னால் அப்படி இல்லை. மத்தியப் பிரதேசத்தில் சாகருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் மோதின பிறகு வந்த நோய் அது. அங்கிருந்த மெக்கானிக் முன்பக்க ஃபோர்க்கைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்து, ஊர் போய்ச் சேரும், பயப்படாதே என்று இந்தியில் சொன்னான். சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கை கொஞ்சம் அசந்தால் போதும், சாலையோரப் பள்ளத்துக்கு என்னைக் கூட்டிப்போகப் பார்க்கிறது. செத்தவனின் வண்டிக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வேன். வண்டிக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

உடுமலையிலிருந்து லடாக்குக்கு இரண்டு பேராகப் போனோம். திரும்பும்போது அவன் பெட்டிக்குள், விமானத்தில். நான் அவன் வண்டியில். என் வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டேன். மகுடிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டு வாசலில் கிளப்பின வண்டி அதே வாசலில் ஓடி வந்துதான் நிற்கவேண்டும், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தால் அது பயணமில்லை, சரக்கு என்பான். அவன் மனைவி கோகிலாவும் போனில் அதைத்தான் சொன்னாள்.

"அவரு வண்டிய லாரில கீரில ஏத்திராதீங்ண்ணா. நீங்களே ஓட்டிட்டு வாங்க. காலைல கெளம்பறப்ப ஒரு மெசேஜ் போடுங்க, சாயங்காலம் நின்னதும் ஒண்ணு போடுங்க. அவரு போடுவாரில்லைங்களா, அதே மாதிரி."

"சரி அம்மிணி."

"ஏனுங்ண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அதுக்கு முந்துன ராத்திரி உங்க ரெண்டு பேத்துல யாராச்சும் சும்மாடு போட்டிருந்தீங்களா?"

"இல்ல அம்மிணி. யாரும் போடல."

 "ஓ" என்றாள். அந்த ஒற்றை எழுத்து இன்னும் என் காதில் உட்கார்ந்திருக்கிறது.

சும்மாடு என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். கம்பெனிக்காரன் வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு துணிக் குல்லாய். அதற்கு ஜோடியாக ஹெல்மெட். இன்னொருத்தர் பாரத்தைத் தலையில் வாங்கிக்கொள்ள வைப்பது என்பதால் நம் ஆட்கள் சும்மாடு என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஒரு குல்லாய், ஆளுக்கொரு ஹெல்மெட் என்று மகுடி அந்த செட்டை வாங்கிவந்த நாள் நானும் அவன் வீட்டில் இருந்தேன். கோகிலா குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன பண்ணும்?"

"தூக்கம்னா என்ன, நாள்பூரா சேந்த அழுக்க மூளை தானாக் கழுவிக்கறது," என்றான் மகுடி. "நீ இத மாட்டிட்டுத் தூங்கினேன்னு வை. அந்தக் கழுவற வேலை உன்ற மண்டைக்குள்ள நடக்காது. ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டறவன் மண்டைக்குள்ள நடக்கும். அவன் எங்க இருந்தாலும் செரி, போன் டவர் கெடைச்சாப் போதும். முழிச்சிட்டேதான் இருப்பான், ஆனா ராத்திரி பூரா தூங்கி எந்திரிச்ச மாதிரி ஜம்முனு இருப்பான்."

"அப்பத் தூங்கினவங்களுக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. கண்ண மூடித் தொறந்த மாதிரிதான். மறுபடியும் தனக்குன்னு தனியாத் தூங்கோணும்."

"இதென்ன கூத்து! ஒருத்தரு திங்க, இன்னொருத்தரு வகுறு நெறையறதா?"

"அதேதான் அதேதான்!" என்று மகுடி கையைத் தட்டிச் சிரித்தான். கோகிலா சிரிக்கவில்லை. "பாவம், அந்தத் தூங்கறவங்க," என்று சொல்லிவிட்டுக் குல்லாயை அவன் மடியில் போட்டாள்.

அவள் கவலைக்காகவே நாங்கள் ஒரு கட்டுத்திட்டம் வைத்துக்கொண்டோம். ஒரு ராத்திரி அவன் சும்மாடு, மறு ராத்திரி நான்; மற்றவன் ஹெல்மெட்டோடு முழித்திருந்து வண்டிக்கும் சாமானுக்கும் காவல். சும்மாடு போட்டவன் காலையில் தனக்கென்று தூங்கி எழாமல் வண்டியைத் தொடக்கூடாது. தொட்டே தீரவேண்டுமென்றால் அவன்தான் முன்னால் போகவேண்டும், அதுவும் மெதுவாக. மற்றவன் பின்னாலேயே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்து, தலை கொஞ்சம் சாய்ந்தாலும் ஹாரனை அழுத்தித் தொலைக்கவேண்டும். போகிற வழியெல்லாம் இதைச் சாமிக்கு நேர்ந்த மாதிரிக் கடைப்பிடித்தோம். ஹெல்மெட்டுக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. மறுமுனையில் யாராவது சும்மாடு போட்டுத் தூங்கினால் எரியும். கண்ணை உறுத்துகிறது என்று மகுடி லடாக்கிலேயே என்னுடையதிலும் அவனுடையதிலும் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கெடுத்தவன் நான். அதுவும் எதற்காக? உயிர் போகிற அவசரமா? வீடியோவுக்காக! கணவாய் உச்சியில் எடுத்த படங்களை வெட்டி ஒட்டி விடிவதற்குள் போட்டுவிடவேண்டும், நாலு பேர் ஆகா ஓகோ என்பார்கள். அன்றைக்குச் சும்மாடு போடவேண்டியது என் முறை. "தலைவலிக்குதுடா, இன்னிக்கு யாருக்கும் வேண்டாம், அவனவன் தூக்கத்த அவனவன் தூங்கலாம்" என்றேன். மகுடி சரியென்று படுத்தான். படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான். அவன் குறட்டை கேட்டதும் குல்லாயை எடுத்து மெதுவாக அவன் தலையில் மாட்டினேன். நான் லாட்ஜ் கட்டிலில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து விடியவிடிய வீடியோ வெட்டினேன். விடிந்ததும் குல்லாயைக் கழற்றி அவன் பைக்குள் வைத்தேன்.

"என்னடா, தூங்கின மாதிரியே இல்ல," என்றான் எழுந்து உட்கார்ந்து.

"ஃபேன் என்ன சத்தம் போட்டுச்சு! எனக்கும் அப்படித்தான்," என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பான், போர்வையை இழுத்து மூடி மத்தியானம் வரை தூங்கியிருப்பான். நான் சொல்லவில்லை. யாரும் சும்மாடு போடாத நாள் என்று நம்பி, வழக்கம்போல அவன் பின்னால் வந்தான். கண்ணாடியில் அவன் விளக்கு தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு தெரியவில்லை. டீ குடிக்க நின்றுவிட்டான் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

இப்போது ஊரை நோக்கி வருகிறேன். வருகிறேன் என்று சொல்வதே பொய். ஐதராபாத்தில் தேவையில்லாமல் ஒருநாள் நின்றேன். கர்னூலில் அணை பார்க்கப் போனேன், என்னவோ நான் அணையே பார்க்காதவன் மாதிரி. நெடுஞ்சாலையை விட்டு ஊர்வழியில் இறங்கிச் சுற்றினேன். காலையில் கோகிலாவுக்குக் 'கிளம்பிட்டேன்' என்று அனுப்பிவிட்டு டீக்கடை பெஞ்சிலேயே ஹெல்மெட்டோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அதுதான்.

ஒன்று மட்டும் ஆச்சரியமாக இருந்தது. எனக்குக் களைப்பே இல்லை. இத்தனை தூரம் ஒற்றை ஆளாக ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும், கண் சொருகும். எனக்கோ கண் பளிச்சென்று இருந்தது. ராத்திரி லாட்ஜில் படுத்தாலும் தூக்கம் வராது. புரண்டு புரண்டு படுப்பேன். குற்றம் செய்தவனுக்கு எங்கே தூக்கம் வரும், மகுடி என்னைத் தூங்கவிடமாட்டான், இதுதான் என் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இவ்வளவு தவிக்கிறேனே, நான் அப்படியொன்றும் கெட்டவன் இல்லை என்று.

அனந்தபூரில் நிற்கும்போது என் அக்கா கூப்பிட்டாள். அவள் வீடு மகுடி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

"எங்கடா ஊர் சுத்திட்டிருக்கற? கருமாதிக்காச்சும் வந்து சேருவியா?"

"வந்துருவேன்க்கா. அங்க எப்படி இருக்காங்க?"

"மகுடியோட அப்பாவப் பாக்கச் சகிக்கல. அவ இருக்காளே, கோகிலா, அவளப் பத்திக் கேக்காத! காலைல பத்து மணி ஆனாப் போதும், ரூமுக்குள்ள போயிப் படுத்தர்றா. துக்கம் கேக்க வர்ற சனம் வாசல்ல உக்காந்திருக்கு, இவ என்னடான்னா தலைல குல்லாயப் போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் தூங்கறா. புருசன் செத்த வீட்டுல எவளாச்சும் இப்பிடித் தூங்குவாளா? ஊரே சிரிக்குது."

"துக்கத்துல அப்படித்தான்க்கா இருக்கும். குளுருக்குப் போட்டிருப்பா."

"உடுமலைல என்னடா குளுரு!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. இவளாவது தூங்குகிறாளே, நான் பயந்த அளவு இவள் உடைந்துபோகவில்லையே என்று. அக்கா குல்லாய் என்று வாய்விட்டுச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்கும், நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ஓட்டல் பக்கம் நிறுத்தினேன். அதை ஒட்டி நீளமான தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் குல்லாய் போட்ட ஆள். கூலிக்குத் தூங்குகிறவர்கள். எந்த ஊர் சாலையிலோ போகிற, கண்ணால் பார்க்காத லாரிக்காரனுக்காக ஷிப்ட் போட்டுத் தூங்குவார்கள். இப்போது நெடுஞ்சாலையெங்கும் இப்படிக் கொட்டகைகள் வந்துவிட்டன. ஷிப்ட் முடிந்து ஒரு பெண் வெளியே வந்து என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. டீயை வாங்கி வாயில் வைக்காமலே கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்றேன் விளையாட்டாக.

"யாருக்கோ நல்லாத் தூங்கினேன்ணா," என்றாள். "வூட்டுக்குப் போனா புள்ளைங்க சத்தம். எனக்குன்னு எப்பத் தூங்கப் போறனோ."

டீக்குக் காசை பெஞ்சில் வைத்தேன். எழுந்துவிட்டேன்.

கருமாதியன்று காலை தாராபுரத்தில் இருந்தேன். இனிமேல் சுற்றுவதற்கு வழியில்லை, நேர் ரோடு, உடுமலைதான். 'கிளம்பிட்டேன், இன்னிக்கு வந்துருவேன்' என்று அனுப்பிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு வேப்பமர நிழலில் தண்ணீர் குடிக்க நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின் மேல் வைத்தேன். வெயிலுக்குப் பசை இளகி, மகுடி ஒட்டின கறுப்பு டேப் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துப் போடலாம் என்று உள்ளே பார்த்தேன்.

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

 குல்லாய் மகுடியின் பையில் இருந்தது. பை அவன் உடம்போடு வீட்டுக்குப் போனது. காலையில் பத்து மணி ஆனால் படுத்துவிடுகிறாள். சாயங்காலம் வரைக்கும் தூங்குகிறாள். கிளம்பும்போது ஒரு மெசேஜ், நின்றதும் ஒரு மெசேஜ். அட பாவி! அட மடப்பயலே!

போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒருவழியாக எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"அண்ணா... நின்னுட்டீங்களா? மெசேஜ் வரலீங்களே..."

"அம்மிணி, நீ சும்மாடு போட்டிருக்கியா?"

 "தெரிஞ்சு போச்சுங்களா," என்றாள்.

"உடனே கழட்டு. உனக்கென்ன பைத்தியமா? எத்தன நாளா இப்படி?"

"நீங்க கெளம்பினதுல இருந்துதாங்ண்ணா. பரவால்லீங்க. எப்பிடியும் எனக்குத் தூக்கம் வர்றதில்ல, அத மாட்டினா அதுவா அமுக்கிருது. உங்களுக்காச்சும் ஆகட்டும்."

"உனக்கு யாரு இதச் சொன்னது?"

"நீங்கதானுங்ண்ணா சொன்னீங்க." அவள் குரலில் துளிக் கோபமில்லை, அதுதான் என்னைக் கொன்றது. "அன்னிக்கு ராத்திரி யாரும் போடலைன்னு. அதக் கேட்டதுல இருந்து எனக்கு அதே நெனப்பு. யாராச்சும் ஒருத்தரு அவருக்காகத் தூங்கியிருந்தா அவரு வந்திருப்பாருங்களே. அவ்வளவு தூரம் நீங்களும் ஒத்தையில வரோணும். உங்களுக்கும் அப்பிடி ஆயிட்டா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

சொல்லு, இப்போதாவது சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கழட்டிரு அம்மிணி. நான் வந்துட்டேன். இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"நீங்க வாசல்ல வந்து நில்லுங்ண்ணா. அப்பறம் கழட்டறேன்," என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் கரைந்துவிட்டது. போன் அணையவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கழற்றமாட்டாள். ஆகவே நான் கழற்றினேன். ஹெல்மெட்டின் பின்பக்கத்திலிருந்த பேட்டரியைப் பிடுங்கினேன், பச்சைப் புள்ளி செத்தது. வாங்குவதற்கு மறுமுனையில் ஆளில்லை என்றால் தூக்கம் தூங்குகிறவருக்கே போய்ச் சேரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஹெல்மெட்டைத் தலையில் வைக்க மனம் வரவில்லை. கண்ணாடிக் கம்பியில் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். கர்னூல் அணைக்கு அவள் ஒரு பகல் தூங்கினாள். அந்த டீக்கடை பெஞ்சுக்கு அரைப் பகல். என் தண்டனை என்று நான் செல்லம் கொஞ்சிக்கொண்டிருந்த தூக்கமின்மை அத்தனையும் அவளுடைய தூக்கம். தவிப்பாவது மண்ணாவது. நான் நன்றாகத் தூங்கி எழுந்தவனாக இருந்திருக்கிறேன்.

மகுடி வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன. வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மகுடியின் அப்பா சென்னியப்பன் முன்னால் வந்து டேங்கின் மேல் கையை வைத்தார். கைக்கு அது சூடாக இருந்திருக்கும், எடுக்கவில்லை.

"வந்துட்டியா சாமி," என்றார். "எப்பேர்ப்பட்ட தூரம். களைச்சுப் போயிருப்ப. மொகங் கழுவிட்டு ஒரு பக்கமாப் போயிப் படு."

உள்ளே மகுடியின் அத்தை கத்திக்கொண்டிருந்தாள். "படத்துக்குப் படையல் வெக்கோணும், பொண்டாட்டி வந்து வெளக்கேத்தோணும். இந்த மூதேவி என்னன்னா அடிச்சுப் போட்ட மாதிரிக் கெடக்கறா! தண்ணியக் கொண்டாங்கடி, மூஞ்சில ஊத்தறேன்!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். கோகிலா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் அந்தக் கொட்டகைப் பெண்ணின் முகமேதான். கையில் போன். தலையில் அந்தக் குல்லாய். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொம்போடு வந்துகொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்க," என்றேன்.

"நீ யாருப்பா அதச் சொல்ல?"

"எழுப்பாதீங்கன்னா எழுப்பாதீங்க! அவ இத்தன நாளாத் தூங்கவே இல்ல. எனக்காகத் தூங்கினா. நான் ரோட்டுல விழுந்து செத்துரக் கூடாதுன்னு, நான் வண்டியில உக்காந்த நேரமெல்லாம் இதத் தலைல மாட்டிட்டுப் படுத்திருக்கா. இப்பத்தான், கொஞ்ச நேரமாத்தான், தனக்குன்னு தூங்கறா."

சொம்பு நின்றது. அத்தை வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருத்தி, "அய்யோ, நாம என்னென்ன பேசிட்டோம்," என்றாள். எல்லாரும் கோகிலாவையே பார்த்தார்கள், பார்வை மாறியிருந்தது. அத்தோடு நான் வெளியே வந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

சென்னியப்பன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதுசு. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அப்ப, அன்னிக்கு என்ற பையனுக்கு இந்த மாதிரி யாரும் தூங்கலையா சாமி?"

இல்லைங்கப்பா என்று ஒரு வார்த்தை. அந்தப் பொய் பழகின பொய், நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் இன்றைக்கு இவர் என் தலையில் கைவைத்து அழுவார். நாளைக்குக் கோகிலா எனக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பாள்.

"அன்னிக்குக் குல்லாய் மகுடி தலைல இருந்துச்சுங்கப்பா," என்றேன். "அவன் தூங்கினப்பறம் நான்தான் மாட்டினேன். என்ற சோலிக்காக. காலைல அவங்கிட்டச் சொல்லல. தூங்காமதான் வண்டி எடுத்தான். அம்மிணிகிட்டயும் பொய் சொன்னேன்."

 அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். மெதுவாகக் கையை நீட்டி, "சாவி," என்றார். கொடுத்தேன். வாங்கி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு உள்ளே திரும்பி, "யாரும் சத்தம் போடாதீங்க. புள்ள எந்திரிக்கறப்ப எந்திரிக்கட்டும். படையல் அதுவரைக்கும் நிக்கட்டும்," என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

நான் வாசலுக்கு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அக்கா தெருமுனை வரை வந்து, யாரோ ஏதோ சொல்ல, அப்படியே திரும்பிப் போய்விட்டாள். உள்ளே கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் அவளிடம் நானே சொல்லவேண்டும், வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. வெயில் ஏறி, இறங்கி, விளக்கு வைக்கும் நேரமும் வந்தது. ஒரு கொட்டாவிகூட வரவில்லை எனக்கு. என் கண்ணில் இருந்த தெளிச்சியெல்லாம் அவள் தூங்கினது.